வளம் இருந்தும் வளராத நாடுகளுக்காக உழைக்கும் பொருளாதார வல்லுநராவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தென் அமெரிக்க நாடான கயானாவின் கடலுக்கடியில் 2015-ல் பெரிய அளவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் மேலே வந்தது. இரண்டுக்கும் நடுவே, 2016-ல், ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. எடுக்கும் ஒவ்வொரு 100 பீப்பாயிலும் 75 வரை நிறுவனங்கள் தங்கள் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். மீதமுள்ள 25 அரசுக்கும் நிறுவனங்களுக்கும் பாதிப் பாதி. அதுபோக 2 சதவீதம் ராயல்டி, அதாவது லாபம் வந்தாலும் வராவிட்டாலும் எடுத்த எண்ணெயில் அரசுக்குப் போகும் பங்கு. கூட்டிப் பாருங்கள்: போட்ட செலவு முழுவதும் கழிந்து முடியும்வரை அரசுக்கு வருவது பன்னிரண்டரையும் இரண்டும், அதாவது 100-க்கு பதினாலரை பீப்பாய்.

இந்தக் கணக்கைப் போட முனைவர் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கும் பொறுமை வேண்டும். 'செலவு' என்ற தலைப்பில் யார், எதையெல்லாம் எழுதலாம் என்று கேட்கத் தெரிய வேண்டும். புதிய எண்ணெய் வயலைத் தோண்டும் செலவை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வயலின் வருமானத்தில் கழிக்கலாமா? கயானா ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படியானால் அந்த 75 எப்போது குறையும்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களுக்கும் சாலைகளுக்கும் பணம் எந்த ஆண்டு வரும் என்பது அடங்கியிருக்கிறது.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். 'வளச் சாபம்' (இயற்கை வளமே ஒரு நாட்டின் வளர்ச்சிக்குத் தடையாகலாம் என்ற கருத்து) பற்றிய கோட்பாடுகள் மனதைக் கவரும், படிக்கவும் வேண்டும். ஆனால் நல்ல வல்லுநரை அடையாளம் காட்டுவது, ஒரு பீப்பாய் எண்ணெயையோ ஒரு டன் தாமிரத்தையோ நிலத்தடியிலிருந்து பட்ஜெட் வரை விடாமல் பின்தொடரும் திறமை. கீழே வரும் படிகள் எல்லாம் அதை நோக்கியே போகின்றன.

படி 1: அடித்தளப் படிப்பு

இளங்கலையில் பொருளாதாரம் படியுங்கள். கூடவே கணிதத்தையும் புள்ளியியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பொறியியலோ நிலவியலோ படித்துவிட்டுப் பொருளாதாரத்துக்கு மாறி வந்தாலும் இந்தத் துறையில் அது குறையே இல்லை. தாதுவின் தரம் என்றால் என்ன, ஒரு எண்ணெய் வயலின் உற்பத்தி ஏன் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தவரை நிதியமைச்சகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதுகலைப் பட்டம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பாடங்கள் முக்கியம்: பேரியல் பொருளாதாரம், பொது நிதி, பொருளளவையியல் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பாடம்). சிறப்புப் படிப்புக்கு ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 1977-ல் தொடங்கிய எரிசக்தி, கனிமச் சட்டம் மற்றும் கொள்கைக்கான மையமும், அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்வி நிறுவனமும் பெயர் பெற்றவை. ஆக்ஸ்ஃபோர்டில் வளம் மிகுந்த பொருளாதாரங்களுக்கென்றே ஒரு ஆய்வு மையம் 2007-ல் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஆய்வுத்தாள்கள் நல்ல வாசிப்பு.

முனைவர் பட்டம் வேண்டுமா? பல்கலைக்கழக வேலைக்கும் பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) பொருளாதார வல்லுநர் பணிக்கும் பெரும்பாலும் வேண்டும். அமைச்சகம், வரித்துறை, ஆலோசனை நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள் என்றால் நல்ல முதுகலையும் கைத்தேர்ச்சியும் போதும். வேறு வழி தெரியவில்லை என்பதற்காக மட்டும் முனைவர் பட்டத்தில் இறங்காதீர்கள். அமைச்சகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுப் போனால் எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மொழி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாட், காங்கோ, கினி, காபோன் ஆகியவற்றுக்கு பிரெஞ்சு. அங்கோலா, மொசாம்பிக், கிழக்குத் திமோருக்கு போர்த்துகீசியம். சிலி, பெரு, பொலிவியாவுக்கு ஸ்பானிஷ். பிரெஞ்சில் பட்ஜெட் ஆவணம் படிக்கத் தெரிந்த பொருளாதார வல்லுநருக்குப் போட்டி குறைவு.

படி 2: கருத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள்

நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1959-ல் இயற்கை எரிவாயு கிடைத்தது. அதன்பின் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் தளர்ந்ததைப் பார்த்து 'டச்சு நோய்' என்ற பெயரை 1977-ல் எக்கானமிஸ்ட் இதழ் சூட்டியது. பொருளாதார வல்லுநர்கள் கார்டனும் நீரியும் 1982-ல் அதற்கு ஒரு முறையான மாதிரியைக் கொடுத்தார்கள். விஷயம் இதுதான்: ஏற்றுமதி டாலர் வந்து குவியும்போது உள்நாட்டு நாணயம் வலுவாகிறது, கூலியும் வாடகையும் ஏறுகின்றன. விவசாயியும் ஆலைக்காரரும் பழைய விலைக்கு வெளிநாட்டில் விற்க முடியாமல் போகிறார்கள். நைஜீரியாவின் கானோ நகரில் ஒரு காலத்தில் ஏற்றுமதிக்காக நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். எண்ணெய்க் காலத்தில் அந்தக் கோபுரங்கள் மறைந்தன. வறட்சிக்கும் பயிர்நோய்க்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

'வளச் சாபம்' என்ற சொல்லை 1993-ல் ரிச்சர்ட் ஆட்டி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1995-ல் சாக்ஸும் வார்னரும் வள ஏற்றுமதியை அதிகம் நம்பிய நாடுகள் மெதுவாக வளர்ந்தன என்று காட்டினார்கள். 2006-ல் மெலும், மோயனே, டோர்விக் ஆகிய மூவரும், நிர்வாக அமைப்புகள் நல்லதாக இருந்தால் சாபம் விலகிப்போகிறது என்றார்கள். 2008-ல் புருன்ஷ்வைலரும் புல்ட்டேயும் அளவுகோலையே கேள்வி கேட்டார்கள்: வேறு தொழில் வளராத நாட்டில் வள ஏற்றுமதியின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும், அப்படியானால் எது காரணம், எது விளைவு? இந்த விவாதத்தை முழுதாகப் படியுங்கள். படித்தபின் 'சாபம்' என்ற சொல்லை நீங்கள் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுவீர்கள். அந்தத் தயக்கம் நல்லது.

இன்னொன்று: தீமை பல நேரம் எண்ணெய் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மொசாம்பிக்கின் ரோவுமா படுகையில் 2010 முதல் பிரம்மாண்டமான எரிவாயு இருப்பு கண்டுபிடிக்கப்பட்டது. வரப்போகும் பணத்தின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. எரிவாயு விற்பனை தொடங்கும் முன்பே, 2016-ல், அரசு உத்தரவாதத்துடன் மறைத்து வாங்கிய கடன்கள் வெளியே வந்தன. அவை நூறு கோடி டாலருக்கும் மேல். நாடு கடனைக் கட்ட முடியாமல் தவித்தது.

படி 3: ஒப்பந்தமும் எக்செல் தாளும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதை அநேகமாகச் சொல்லித் தருவதில்லை என்பதால் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு தாமிரச் சுரங்கத்தை எடுத்துக்கொண்டு எக்செலில் ஒரு மாதிரி கட்டுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தாது, அதில் எத்தனை சதவீதம் தாமிரம், என்ன விலை. அதற்கடுத்து முதலீட்டுச் செலவு, நடப்புச் செலவு. அப்புறம் ராயல்டி, தேய்மானக் கழிவு, முந்தைய நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகும் விதி, வருமான வரி, அரசின் பங்கு, பங்குதாரர்களுக்கு அனுப்பும் லாபத்தொகையில் பிடித்துக்கொள்ளும் வரி. கடைசியில் இரண்டு எண்கள் வர வேண்டும்: போட்ட முதலீட்டின் மேல் நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஈட்டு விகிதம் எவ்வளவு, மொத்த லாபத்தில் அரசுக்குப் போவது எவ்வளவு. பன்னாட்டு நிதியத்தின் நிதி விவகாரத் துறை இதற்காக 'ஃபாரி' என்ற மாதிரியை வைத்திருக்கிறது; அதன் வழிமுறை விளக்கம் பொதுவெளியில் கிடைக்கிறது. ஆனால் முதல் மாதிரியை வெற்றுத் தாளில் நீங்களே கட்டுங்கள். பிறர் கட்டியதைத் திறந்து பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

கட்டி முடித்ததும் அதை ஆட்டிப் பாருங்கள். விலையைப் பாதியாக்குங்கள். உற்பத்தியை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள். ராயல்டி முதல் நாளிலிருந்து வரும், லாபவரி பல ஆண்டு கழித்தே வரும் என்பது கண்முன் தெரியும். ராயல்டியை ஏற்றினால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் விலை விழுந்த ஆண்டிலும் சுரங்கம் அதைக் கட்டியாக வேண்டும். ஜாம்பியா 2008-ல் தாமிர விலை உச்சத்தில் இருந்தபோது திடீர் லாபங்கள் மீது ஒரு வரி போட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் விலை சரிந்தது. 2009-ல் வரியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விலைக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்கும் வரி எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் எக்செல் தாளே சொல்லிக்கொடுக்கும்.

இப்போது எக்செல் தாளில் கடன் என்ற வரிசையைச் சேருங்கள். சுரங்கத்துக்கு 100 கோடி டாலர் தேவை. தாய் நிறுவனம் அதில் 80 கோடியைப் பங்காகப் போடாமல் தன் கிளைக்கே 10 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறது. ஆண்டுக்கு 8 கோடி டாலர் வட்டி, வரிக்கு முன்பே கழிந்துவிடும். வருமான வரி 30 சதவீதம் என்றால், லாபம் உள்ள ஆண்டில் அரசுக்கு 2.4 கோடி டாலர் குறைகிறது. யாரும் சட்டத்தை மீறவில்லை. கடனுக்கும் பங்குக்கும் உள்ள விகிதத்துக்கு வரம்பு வைக்கும் ஒரு பிரிவு சட்டத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி. இதுபோல விற்பனை விலை, மேலாண்மைக் கட்டணம், காப்பீடு, தாமிரத்தோடு சேர்ந்து போகும் தங்கத்தின் அளவு என்று தாளின் ஒவ்வொரு வரிசையிலும் கேட்க ஒரு கேள்வி உண்டு.

படிக்க ஒப்பந்தங்கள் எங்கே கிடைக்கும்? 'ரிசோர்ஸ் காண்ட்ராக்ட்ஸ்' என்ற இணையக் களஞ்சியத்தில் பல நாடுகளின் எண்ணெய், சுரங்க ஒப்பந்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வளத்துறை வெளிப்படைத்தன்மைக்கான பன்னாட்டு முயற்சியில் (சுருக்கமாக ஈ.ஐ.டி.ஐ) உறுப்பினரான நாடுகள், 2021 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் அல்லது திருத்தப்படும் ஒப்பந்தங்களை வெளியிட்டாக வேண்டும். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் கிடைத்த உரிமை இது. யாரும் படிக்காவிட்டால் வெளியிட்டும் பயனில்லை, ஆகவே நீங்கள் படியுங்கள்.

படி 4: எண்களை நம்பும் முன்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கும் படியையே முதலில் சோதிக்க வேண்டும். 2014-ல் நைஜீரியா தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியது. 2013-க்கான பொருளாதாரத்தின் அளவு ஒரே நாளில் 89 சதவீதம் பெரிதானது. நாட்டில் எதுவும் மாறவில்லை. முன்பு எண்ணாமல் விட்டதை எண்ணினார்கள், அவ்வளவுதான். 'கடன் உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவீதம்' என்று எழுதிய பழைய அறிக்கைகள் எல்லாம் அன்று காலாவதியாயின.

ஜாம்பியாவின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் தாமிரத்தின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்துக்குப் போவதாக இருக்கும். ஆனால் சுவிட்சர்லாந்தின் இறக்குமதிக் கணக்கில் அந்தத் தாமிரம் இருக்காது. வாங்கும் வணிக நிறுவனங்களின் அலுவலகம்தான் அங்கே. சரக்கு வேறு துறைமுகத்துக்குப் போகிறது. இந்த இடைவெளி முழுவதும் கடத்தப்பட்ட பணம் என்று அவசரப்பட்டு எழுதினால் உங்கள் பெயர் கெடும். இடைவெளியே இல்லை என்று தள்ளிவிட்டாலும் தவறுதான்.

தினசரிப் பழக்கத்துக்குச் சில மூலங்கள்: உலக வங்கி மாதந்தோறும் வெளியிடும் பண்டங்களின் விலைப் பட்டியல், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஆண்டுக் கனிமச் சுருக்கம், ஐ.நா.வின் காம்டிரேட் வணிகத் தரவு, ஈ.ஐ.டி.ஐ அறிக்கைகள், அந்தந்த நாட்டு பட்ஜெட். எல்லாவற்றிலும் பட்ஜெட்தான் முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதற்கான துணைச் சான்றுகள்.

உள்நாட்டு உற்பத்தி மட்டும் போதாது. நிலத்தடிச் செல்வத்தை எடுத்து விற்பது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வதைப் போன்றது. அதைக் கழித்துப் பார்க்கத்தான் உலக வங்கி 'சரிசெய்யப்பட்ட நிகர சேமிப்பு' என்ற அளவைக் கணக்கிடுகிறது. வளர்ச்சி 7 சதவீதம் என்று பெருமைப்படும் நாட்டில் இந்த எண் எதிர்மறையாக இருந்தால், அந்நாடு உண்மையில் ஏழையாகிக்கொண்டிருக்கிறது.

படி 5: ஒரு நாட்டையும் ஒரு கனிமத்தையும் தேர்ந்தெடுங்கள்

'வளரும் நாடுகள்' என்று பொதுவாகப் பேசுபவர்கள் ஏராளம். ஒரு நாட்டின் வரிச்சட்டம், பட்ஜெட் கால அட்டவணை, கடன் பட்டியல் மூன்றையும் அறிந்தவர்கள் சிலரே. இரண்டாம் கூட்டத்தில் சேருங்கள்.

போட்ஸ்வானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் விடுதலை, 1967-ல் ஓராபாவில் வைரம். அதே ஆண்டு ஒரு சட்டத்தின் மூலம் கனிம உரிமை மத்திய அரசுக்கு வந்தது. தொடக்கத்தில் சுரங்க நிறுவனத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்கு. எழுபதுகளில் மறுபேச்சு நடத்தி அதை 50 சதவீதமாக்கினார்கள். 1994-ல் சேமிப்புக்கென பூலா நிதியம். இவ்வளவு நன்றாகச் செய்த நாடும் இன்று திணறுகிறது: ஆய்வகத்தில் செய்யப்படும் வைரங்கள் சந்தையைப் பிடிக்க, 2024-ல் அதன் பொருளாதாரமே சுருங்கியது. ஒரே நாட்டை ஆழமாகப் பார்த்தால் வெற்றிக் கதை, தோல்விக் கதை என்ற பிரிவு கரைந்துபோகும்.

கானாவும் நல்ல பாடம். 2007-ல் ஜூபிலி எண்ணெய் வயல் கண்டுபிடிப்பு, 2010 டிசம்பரில் உற்பத்தி, 2011-ல் எண்ணெய் வருமான மேலாண்மைச் சட்டம். ஏழு ஆண்டு சராசரி விலையை வைத்து வருமானத்தைக் கணிக்க வேண்டும். அதில் அதிகபட்சம் 70 சதவீதம்தான் பட்ஜெட்டுக்கு. மீதி நிலைப்படுத்தும் நிதிக்கும் எதிர்காலத் தலைமுறைக்கான நிதிக்கும். காகிதத்தில் அருமையான சட்டம். ஆனால் ஒரு பக்கம் குறைந்த வட்டிக்குச் சேமித்துக்கொண்டே மறுபக்கம் அதைவிட அதிக வட்டிக்கு வெளிநாட்டில் கடன் வாங்கினார்கள். 2022 டிசம்பரில் வெளிக்கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தார்கள். வயதான, ஏற்கெனவே பணக்கார நாடான நார்வேயின் சேமிப்பு நிதியை, பள்ளியும் மின்சாரமும் இன்னும் தேவைப்படும் இளம் நாடு அப்படியே நகலெடுக்கலாமா என்பது இந்தத் துறையின் மிக உயிர்ப்பான கேள்விகளில் ஒன்று. நகலெடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. கடன் வாங்கவும் வரம்பு போடாத சேமிப்பு விதியால் பயனில்லை.

கனிமத் தேர்வில் இப்போது தாமிரம், லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றுக்கு மவுசு. இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்து, உருக்காலைகளை உள்ளே வரவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. மற்ற நாடுகள் இதைப் பின்பற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. உலக நிக்கல் சந்தையில் இந்தோனேசியாவுக்கு உள்ள பலம் எல்லோருக்கும் கிடையாது என்பதை எண்களோடு விளக்கத் தெரிந்தவருக்கு அடுத்த பத்து ஆண்டும் வேலை இருக்கும்.

படி 6: முதல் வேலை

முடிந்தால் முதல் சில ஆண்டுகளை ஏதாவது ஒரு நிதியமைச்சகத்திலோ வரித்துறையிலோ மத்திய வங்கியிலோ கழியுங்கள். சம்பளம் குறைவு, கணினி பழையது, ஆனால் முடிவு எடுக்கப்படும் அறை அதுதான். லண்டனின் வளர்ச்சி ஆய்வு அமைப்பான ஓ.டி.ஐ நிறுவனம் 1963-ல் தொடங்கிய திட்டம் இளம் பொருளாதார வல்லுநர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஏழை நாட்டு அமைச்சகங்களுக்கு அனுப்பி வந்தது; இந்தத் துறையின் மூத்தவர்கள் பலர் அப்படித் தொடங்கியவர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் அது ஆள் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டம், பன்னாட்டு நிதியத்தின் வல்லுநர் திட்டம், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆகியவை அடுத்த வாசல்கள். இயற்கை வள ஆளுகை நிறுவனம் போன்ற அமைப்புகளில் ஒப்பந்தங்களைப் பகுத்தாய்பவர்களுக்கு இடமுண்டு. வள நிறுவனங்களும் நாடுகளின் கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்களும் நல்ல சம்பளம் தரும்.

பாதை நேராக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போட்ஸ்வானாவின் ஃபெஸ்டஸ் மோகாயே ஆக்ஸ்ஃபோர்டிலும் சசெக்ஸிலும் பொருளாதாரம் படித்து, பன்னாட்டு நிதியத்தில் பணியாற்றி, மத்திய வங்கி ஆளுநராகி, பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். நைஜீரியாவின் என்கோசி ஒகோஞ்சோ-இவேலா உலக வங்கியிலிருந்து வந்து இரண்டு முறை நிதியமைச்சரானார். 2005-ல் பாரிஸ் கிளப் எனப்படும் கடன் கொடுத்த நாடுகளின் குழுவிடமிருந்து 1,800 கோடி டாலர் கடன் தள்ளுபடி பெற்றதிலும், எண்ணெய் விலையை பட்ஜெட்டில் குறைவாக வைத்து மிச்சத்தைத் தனிக் கணக்கில் சேர்த்ததிலும் அவர் பங்கு பெரியது.

படி 7: இரண்டு பக்கத்தில் எழுதப் பழகுங்கள்

அமைச்சர் நாற்பது பக்கம் படிக்க மாட்டார். முதல் பத்தியில் முடிவு, இரண்டாவதில் அதற்கு ஆகும் செலவு, மூன்றாவதில் அதை எதிர்க்கப்போவது யார். சமன்பாட்டுக்கு இணைப்பில் இடம் கொடுங்கள்.

விலை ஏறும்போது 'செலவழிக்காதீர்கள்' என்று சொல்வதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. சிலியின் நிதியமைச்சராக 2006 முதல் 2010 வரை இருந்த ஆந்த்ரேஸ் வெலாஸ்கோ தாமிரப் பணத்தைச் சேமித்ததற்காகத் தெருவில் எதிர்ப்பைச் சந்தித்தார். 2008 நெருக்கடி வந்தபோது அந்தச் சேமிப்பு கையில் இருந்தது. 2009 ஜனவரியில் 400 கோடி டாலர் அளவுக்கு ஊக்கத் திட்டம் அறிவிக்க முடிந்தது. அவருக்குத் துணையாக நின்றது ஒரு விதி: தாமிரத்தின் நீண்டகால விலையை அமைச்சர் முடிவு செய்வதில்லை, வெளியிலிருந்து வரும் வல்லுநர் குழு கணிக்கிறது. நீங்கள் ஆலோசனை சொல்லும் இடத்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள்.

விதி மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். சாட் நாட்டின் எண்ணெய்க் குழாய்த் திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தபோது, வருமானத்தை வறுமை ஒழிப்புக்கே செலவிட வேண்டும் என்று 1999-ல் சட்டம் வந்தது. பணம் வரத் தொடங்கியதும் அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. 2008-ல் சாட் கடனை அடைத்தது, வங்கி வெளியேறியது. உள்ளே இருந்து அதைக் காக்க ஆள் இல்லாத சட்டம் அது.

படி 8: யாருக்காக வேலை செய்கிறீர்கள்

ஒரே சுரங்கம் பற்றி அரசுக்கும் நிறுவனத்துக்கும் அடுத்தடுத்து ஆலோசனை சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு வரும். இரண்டு பக்கமும் வேலை பார்த்த அனுபவம் நல்லதுதான். ஆனால் ஒரு பேச்சுவார்த்தையில் தெரிந்துகொண்டதை மறு பக்கத்துக்கு எடுத்துப்போவது துரோகம். எந்தத் திட்டத்துக்கு யாரிடம் பணம் வாங்கினீர்கள் என்பதை உங்கள் ஒவ்வொரு ஆய்வுத்தாளிலும் எழுதுங்கள். மாதிரியின் எக்செல் தாளையும் முடிந்தபோதெல்லாம் வெளியிடுங்கள். பிழையை யாராவது காட்டினால் அந்த வாரமே திருத்துங்கள். சுரங்கத்தை ஒட்டி வாழும் மக்களையும் ஒரு முறையாவது நேரில் போய்க் கேளுங்கள். தூசியும் தண்ணீரும் உங்கள் எக்செல் தாளில் எந்த வரியிலும் இருக்காது.

சரி, இப்போதே தொடங்க என்ன செய்யலாம்? கானாவில் எண்ணெய்ப் பணத்தைக் கண்காணிக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட குடிமக்கள் குழு ஒன்று அரையாண்டுக்கு ஒரு முறை அறிக்கை வெளியிடுகிறது. ஏதாவது ஒரு ஆண்டின் அறிக்கையை எடுத்து, எத்தனை பீப்பாய் விற்றது, என்ன விலைக்கு, எவ்வளவு எந்தக் கணக்குக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே ஆண்டின் பட்ஜெட்டில் அந்தத் தொகையைத் தேடுங்கள். இரண்டும் எங்கே பொருந்தவில்லையோ, அங்கே உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி இருக்கிறது.